டால்பின் நாவல்கள்: கொடுக்கும் முன் படித்தோமா?

நூலகப் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டால்பின் வர்ற கதைப் புத்தகம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். ஆங்கில வழியில் படிப்பவள். எளிய ஆங்கிலம் என்றால் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடுவாள். அலமாரியில் ஸ்காட் ஓடெல் எழுதிய 'ஐலேண்ட் ஆஃப் த புளூ டால்பின்ஸ்' இருந்தது. தலைப்பிலேயே டால்பின். அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 1961இல் பெற்ற நாவல். வேறென்ன வேண்டும் என்று எடுத்துக் கொடுத்தேன். நான் அதைப் படித்திருக்கவில்லை.

நான்காம் நாள் புத்தகம் என் மேசைக்குத் திரும்பியது. "தம்பி செத்துப்போறான் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய தம்பி முந்தைய ஆண்டு காய்ச்சலில் இறந்துபோன செய்தி, அதன் பிறகுதான் வகுப்பாசிரியர் சொல்லி எனக்குத் தெரிந்தது.

அன்றிரவே நாவலைப் படித்தேன். ஊரார் எல்லாரும் கப்பலேறித் தீவை விட்டுப் போகிறார்கள். தம்பி கரையில் நின்றுவிட்டதைக் கண்ட கரானா என்ற சிறுமி கடலில் குதித்துத் திரும்பி நீந்துகிறாள். சில நாட்களிலேயே காட்டுநாய்கள் தம்பியைக் கொன்றுவிடுகின்றன. அதற்குப் பின் அவள் தனியாகவே வாழ்கிறாள். இது முழுக்கக் கற்பனையும் அல்ல. கலிபோர்னியா கடலோரத்திலுள்ள சான் நிக்கோலஸ் தீவில் 1835 முதல் 1853 வரை ஒரு பெண் தனித்து வாழ்ந்தார். அவரைக் கண்டுபிடித்துக் கரைக்கு அழைத்துவந்த ஏழு வாரங்களில் இறந்துபோனார்.

டால்பின்கள் இந்நாவலில் வருவது சில பக்கங்களில்தான். ஓட்டைப் படகில் தீவை விட்டுக் கிளம்பிய கரானா, வழியிலேயே தீவுக்குத் திரும்பும்போது அவை படகின் இருபுறமும் நீந்தி வருகின்றன. படகைத் தள்ளுவதில்லை, பேசுவதுமில்லை. தம் போக்கில் நீந்திவிட்டுப் போகின்றன. அவளுடைய தனிமைதான் சற்றுக் குறைகிறது. இத்தகைய நாவல்களை எடைபோட எனக்குக் கிடைத்த கேள்வி அந்தப் பக்கங்களிலிருந்து வந்தது: இந்தக் கதையில் டால்பினுக்கு என்ன வேலை?

நம் பிள்ளைகள் டால்பின் என்றதும் சிரித்த முகத்தையும் வளையத்துக்குள் பாய்வதையும் நினைக்கிறார்கள். அது சிரிப்பல்ல, தாடையின் அமைப்பு. டால்பின்களைக் காட்சிக்காக அடைத்துவைப்பதை இந்தியா 2013இல் தடைசெய்தது. இதையெல்லாம் பாடமாகச் சொல்வதைவிட, கேரன் ஹெஸ் எழுதிய 'த மியூசிக் ஆஃப் டால்பின்ஸ்' (1996) நாவலைக் கதையாகச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. டால்பின்களால் வளர்க்கப்பட்ட மிலா என்ற சிறுமியைப் பிடித்துவந்து மொழி கற்பிக்கிறார்கள். அவளே கதையைச் சொல்கிறாள். தொடக்கப் பக்கங்களில் பெரிய எழுத்துகள், மிகச் சிறிய வாக்கியங்கள். மொழி வளர வளர எழுத்து சிறிதாகிறது. கடலுக்காக அவள் ஏங்கும் பகுதியில் எழுத்து மீண்டும் பெரிதாகிறது. வாசிக்கத் திணறும் பிள்ளைகூட முதல் சில பக்கங்களைத் தானே படித்துவிடும் என்பது இந்த நாவலின் கூடுதல் பயன். ஒரு குழந்தையை உட்காரவைத்து ஓயாமல் சோதிக்கும் காட்சிகளை ஆசிரியர்கள் சிரமத்தோடுதான் படிக்கவேண்டியிருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் ராபர்ட் மெர்ல் 1967இல் எழுதிய நாவலில் டால்பின்கள் ஆங்கிலம் பேசும். இராணுவச் சூழ்ச்சிகள் நிறைந்தது. பள்ளிக்கு வேண்டாம்.

அமிதாவ் கோஷின் 'தி ஹங்ரி டைட்' (2004) வேறு வகை. பியா என்ற ஆய்வாளர் சுந்தரவனத்தில் ஐராவதி டால்பின்களைத் தேடுகிறாள். நம் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் வாழும் இனம் அது. மூக்கு நீளாத உருண்டைத் தலை கொண்டது. பியாவுக்கு வங்காளம் தெரியாது. படகோட்டி ஃபோகிருக்கு ஆங்கிலமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஆனால் நீர் வற்றும் நேரத்தில் டால்பின்கள் எந்த மடுவில் கூடும் என்பது தெரியும். அவன் தூண்டில் கயிற்றின் வழியே நண்டு பிடித்தபடி போய்வருகிறான். அதே நேர்கோட்டில் அவள் ஆற்றின் ஆழத்தை அளக்கிறாள். ஒருவர் வேலை மற்றவர் வேலைக்கு இடைஞ்சலாக இல்லை. உள்ளூர் அறிவைப் பற்றி நாம் பயிற்சிகளில் கேட்கும் பேச்சையெல்லாம்விட இந்தக் காட்சி எனக்கு அதிகம் விளக்கியது. மீனவர் குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இப்பகுதியைச் சொல்லிப் பாருங்கள். டால்பினுக்கு ஓங்கில் என்று பெயருண்டு என நம்மைத் திருத்த அங்கே ஆளிருக்கும். ஆனால் ஊரார் ஒரு புலியை எரித்துக் கொல்லும் காட்சியும், புயலில் நேரும் மரணமும் இதில் உண்டு. முழு நாவலும் நமக்கு. பிள்ளைகளுக்குப் பகுதிகள் போதும்.

இப்போதெல்லாம் நாவலைக் கொடுக்கும்போதே, "இதில் ஒரு சாவு வரும், இன்னாருடைய சாவு" என்று சொல்லிவிடுகிறேன். கதையின் சுவை கெடுமே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கெடட்டும். சாவு வரும் நாவல்களை ஒதுக்கிவைப்பதில்லை. யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

அந்த மாணவியிடம் சென்ற பருவத்தில் மிச்சக் கதையைச் சொன்னேன். தம்பியைக் கொன்ற நாய்க்கூட்டத்தின் தலைவனைக் கரானா அம்பால் வீழ்த்துகிறாள். குற்றுயிராகக் கிடப்பதைக் கண்டதும் கொல்ல மனம் வராமல் தூக்கிவந்து காயம் ஆற்றுகிறாள். ரோண்டு என்று அதற்குப் பெயரும் வைக்கிறாள்.

"அதையா காப்பாத்துனா?" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.