ஐந்தாம் மாதத்து ஸ்கேன்

வேடசந்தூர், நத்தம் பக்கத்து ஊர்களிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஸ்கேன் எடுக்க வரும் கர்ப்பிணிப் பெண்ணோடு கணவர், அம்மா, சில சமயம் மாமியார் எல்லோரும் வருவார்கள். அவர்கள் மனதில் இருப்பது ஒரே கேள்வி: "பிள்ளை நல்லா இருக்கா டாக்டர்?" அதற்கு விடை தேடித் தருவது கதிர்வீச்சு அல்ல, ஒலி. எக்ஸ்ரே போல இதுவும் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் காதுக்கு எட்டுவது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான். வயிற்றின்மேல் வைத்து நகர்த்தும் கருவியில் உள்ள படிகங்கள் நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்ந்து ஒலியை உள்ளே அனுப்புகின்றன. திரும்பி வரும் எதிரொலியைக் கேட்பதும் அதே படிகங்கள்தான். அழுத்தினால் மின்சாரம் தரும் அவற்றின் குணத்தை ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். எதிரொலி வந்து சேரும் நேரம் தூரத்தைச் சொல்லும், அதன் வலு வெளிச்சமாகும். எலும்பு வெள்ளையாகவும் பனிக்குட நீர் கறுப்பாகவும் தெரிவது இதனால்தான். இடையில் காற்று புகுந்தால் ஒலி நுழையாது, அதற்காகவே அந்தக் குளிர்ந்த ஜெல். கிளாஸ்கோ மருத்துவர் இயான் டொனால்டு, உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியை மனித உடலுக்குப் பயன்படுத்திப் பார்த்து, 1958இல் சகாக்களோடு கட்டுரை வெளியிட்டார்.

கர்ப்ப காலத்தில் பல ஸ்கேன்கள் உண்டு. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுப்பதை மட்டும் தவறவிடக் கூடாது என்பேன். அப்போது பிள்ளையின் எடை சுமார் 300 கிராம்தான். ஆனாலும் மூளை, முதுகெலும்பு, உதடு, சிறுநீரகம், கைகால் எல்லாம் பார்க்கும் அளவுக்கு உருவாகியிருக்கும். இதயத்துக்குத்தான் நேரம் பிடிக்கும். ஏறத்தாழ கட்டைவிரல் நகத்தளவே உள்ள, துடித்துக்கொண்டே இருக்கும் ஒன்றில் நான்கு அறைகளையும் ரத்தக்குழாய்களையும் சரிபார்க்க வேண்டுமே! டாக்டர் பேசாமல் திரையையே உற்றுப் பார்த்தால் கலங்க வேண்டாம். பிள்ளை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்பார்கள்.

இதயத்தில் குறை தெரிந்தால், பச்சிளங்குழந்தைக்கு இதயச் சிகிச்சை செய்யும் வசதியுள்ள நகரிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். பெரிய குறை என்றால், கர்ப்பத்தைத் தொடர்வதா என்று குடும்பம் யோசிக்க அவகாசம் கிடைக்கும். 2021 கருக்கலைப்புச் சட்டத் திருத்தத்தின்படி 24 வாரத்துக்குப் பிறகு, கடுமையான குறை இருந்தாலும் கருவைக் கலைக்க மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். வளைகாப்பு முடியட்டும் என்று காத்திருக்கும் வீட்டுக்கு அந்த அவகாசம் இல்லை. எல்லாக் குறையும் ஸ்கேனில் தெரியாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் திண்டுக்கல்லுக்கும் விரிக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது இந்த மண்ணுக்குத் தெரியும்.

கேட்க வேண்டியவை வேறு. ரிப்போர்ட்டில் "நஞ்சு கீழே இருக்கிறது" என்று கண்டு பலர், டாக்டரிடம் விளக்கம் கேட்காமலே, வீடு திரும்பும் வழியெல்லாம் அழுகிறார்கள். கருப்பை வளர வளர பெரும்பாலானவர்களுக்கு நஞ்சு மேலே ஏறிவிடும். 32ஆம் வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் ரத்தம் பட்டால் மட்டும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.