புவெனஸ் ஐரிஸில் படப்பிடிப்பு: கவி தங்கிய வீடும் கணக்குப் பார்க்கும் வேலையும்

உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் வருஷங்களில் பெஹாலாவின் சந்துகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மாடிக்கு மாடி நீலமும் வெள்ளையுமாகக் கொடி பறக்கும். 2008 டிசம்பரில் மரடோனா கொல்கத்தா வந்தபோது, பெஹாலாவை அடுத்த மஹேஷ்தலா வரைக்கும் வந்து போனார். ஆகவே அர்ஜென்டினா என்றால் இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதன் தலைநகரான புவெனஸ் ஐரிஸுக்குப் போய் ஒரு சினிமா எடுக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், "அங்கே நமக்கு என்ன கதை இருக்கிறது?" என்றுதான் பலரும் கேட்பார்கள்.

கதை இருக்கிறது. அது 1924-ல் தொடங்குகிறது.

பெரு நாட்டின் விடுதலை நூற்றாண்டு விழாவுக்கு அழைப்பு வந்து, கவி ரவீந்திரநாத் தாகூர் கப்பலேறினார். வழியிலேயே உடம்புக்கு முடியவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் புவெனஸ் ஐரிஸில் இறங்கியவரை, மேற்கொண்டு மலை நாட்டுக்குப் போகக் கூடாது என்று டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 63. கீதாஞ்சலியைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்து உருகிப் போயிருந்த விக்டோரியா ஒகாம்போ என்ற 34 வயதுப் பெண்மணி ஹோட்டலுக்கே வந்து பார்த்தார். நகருக்கு வடக்கே சான் இசித்ரோ என்ற ஊரில், பிளேட் நதியைப் பார்த்தபடி இருந்த 'மிரல்ரியோ' என்ற வீட்டைக் கவிக்காக வாடகைக்குப் பிடித்தார். வாடகைக்காகத் தம் வைர நகையையே அந்த அம்மையார் விற்றதாகச் சொல்வார்கள். சில நாள் ஓய்வு என்று ஆரம்பித்தது இரண்டு மாதத்தைத் தொட்டது. கவி பெருவுக்குப் போகவே இல்லை. 1925-ல் வெளியான 'பூரபி' கவிதைத் தொகுப்பை 'விஜயா'வுக்குச் சமர்ப்பித்தார். விக்டோரியாவுக்கு அவர் வைத்த பெயர்தான் விஜயா.

(கவி போக முடியாத பெருவுக்குத் தமிழ் சினிமா போய் வந்துவிட்டது. 2010-ல் வெளிவந்த 'எந்திரன்' படத்தில் ரஜினிகாந்தும் ஐஸ்வர்யா ராயும் ஆடிய ஒரு பாட்டு, அங்குள்ள மச்சு பிச்சு மலை மேல் எடுத்ததுதான்.)

இந்தக் கதையைப் படமாக்கலாமே என்று அர்ஜென்டினா டைரக்டர் பாப்லோ சேசாரிடம் சொன்னவர், அப்போது அங்கே இந்தியத் தூதராக இருந்த ஆர். விஸ்வநாதன். அதுவும் 2008-ல்தான். படம் முடிந்து, 'திங்கிங் ஆஃப் ஹிம்' என்ற பெயரில் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவின் நிறைவு நாளில் திரையிடப்பட்டது 2017-ல். நம் தியேட்டர்களுக்கு வந்தது 2022 மே மாதம். யோசனைக்கும் டிக்கெட்டுக்கும் நடுவே 14 வருஷம்!

அத்தனை காலம் எங்கே போயிற்று? அதில் ஒரு பங்காவது, படத்தில் யார் கண்ணிலும் படாத வேலைக்குப் போயிருக்கும். அந்த வேலை பெரும்பாலும் குமாஸ்தா வேலை.

முதலில் கடிகாரம். கொல்கத்தாவுக்கும் புவெனஸ் ஐரிஸுக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை 10 மணிக்கு ஆபீஸ் திறக்கும்போது அங்கே நடுநிசி தாண்டி ஒன்றரை மணி. அங்கே காலை 10 மணிக்கு ஒருவர் நாற்காலியில் உட்காரும்போது இங்கே மாலை ஆறரை. பெஹாலாக்காரர் வேலை முடிந்து பஸ் பிடித்து வீடு திரும்பும் நேரத்தில்தான் புரொடக்ஷன் மானேஜருக்கு வேலையே ஆரம்பம். கடிதம், படிவம் எல்லாம் ஸ்பானிஷ் மொழியில். நேரடி விமானமும் கிடையாது. நடுவில் எங்காவது இறங்கி மாறவேண்டும். காமிராப் பெட்டிகளும் அப்படித்தான்.

அடுத்தது சூரியன். இது காமிராமேனின் தலைவலி. அங்கே டிசம்பர் கோடைக்காலம், ஜூலை குளிர்காலம். அது கிடக்கட்டும்; சூரியன் போகும் பாதையே வேறு. கொல்கத்தாவில் தெற்குப் பார்த்த வீடென்றால் வாடகை ஒரு படி ஏறும். 'தொக்கின் கோலா' என்று வங்காளிகள் பெருமையாகச் சொல்வார்கள். புவெனஸ் ஐரிஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 34 டிகிரியில் இருப்பதால், நடுப்பகலில் சூரியன் வடக்கு வானத்தில் நிற்கும். இங்கே பழகிய கண்ணோடு போய், "இந்த முற்றத்தில் நல்ல வெயில் இருக்கும்" என்று நம்பிக் கால்ஷீட் போட்டால், அன்று முழுவதும் நிழலில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் லொகேஷன் பார்க்கப் போகிறவர் கையில் திசைகாட்டி இல்லாமல் போவதில்லை.

அனுமதி விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். பெஹாலா கொல்கத்தா மாநகராட்சியைச் சேர்ந்தது. எல்லை தாண்டி மஹேஷ்தலா போய்விட்டால் அது வேறு நகராட்சி. புவெனஸ் ஐரிஸிலும் அதே கதைதான். தலைநகரின் தெருக்களில் படம் பிடிக்க அனுமதி தருவதற்கென்றே நகர அரசு ஒரு அலுவலகம் வைத்திருக்கிறது. ஆனால் கவி தங்கிய சான் இசித்ரோ தலைநகருக்குள் இல்லை. அது வேறு மாகாணம், வேறு நகராட்சி. கவி இறங்கிய துறைமுகத்துக்கு ஒரு காகிதம், அவர் தங்கிய ஊருக்கு இன்னொரு காகிதம்.

காகிதம் கிடைத்தாலும் நிம்மதி கிடையாது. அர்ஜென்டினாவின் ஏவா பெரோன் வாழ்க்கையை ஆலன் பார்க்கர் 'எவிட்டா' என்று 1996-ல் எடுத்தபோது, மடோனாவா எங்கள் ஏவாவாக நடிப்பது என்று ஊரே கொதித்தது. ஜனாதிபதி மாளிகையின் பால்கனியில் நின்று பாட, ஜனாதிபதி மெனெமையே நேரில் பார்த்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. அப்படியும் பல காட்சிகளை ஹங்கேரியின் புடாபெஸ்டில் எடுத்தார்கள். அந்தச் சமயத்தில் ஹாங்காங் டைரக்டர் வோங் கார் வாயும் அங்கே இருந்தார். திட்டமிட்ட நாட்களில் படம் முடியவில்லை; மாதக்கணக்கில் இழுத்தது. ஒரு நாள் நீண்டால் யூனிட் முழுவதற்கும் சாப்பாடு, தங்கும் அறை, பேட்டா என்று எத்தனை செலவு! அந்தப் படம் 1997-ல் கான் விழாவில் சிறந்த டைரக்டர் பரிசு வாங்கிவிட்டதால் தப்பித்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

பணக் கணக்கு அதைவிட மோசம். அந்த நாட்டுப் பெசோவை நம்பி பட்ஜெட் போடுவது ஆற்று மணலில் கோடு கிழிப்பது மாதிரி. 2023 என்ற ஒரே வருஷத்தில் விலைவாசி 211 சதவீதம் ஏறியது. ஜனவரியில் 100 பெசோவுக்குப் பேசிய வாடகை டிசம்பரில் 300-ஐத் தாண்டிவிடும். டாலரில் பேசி முடிப்பவர்தான் கெட்டிக்காரர்.

இவ்வளவையும் சமாளித்த பின், பாப்லோ சேசாருக்கு மிஞ்சிய கவலை ஒன்று உண்டு: கவியாக யார்? வங்காளத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தாடியும் அந்தக் கண்ணும் படமாகத் தொங்குகின்றன. துளி பிசகினாலும் டீக்கடைக்காரரே குற்றம் கண்டுபிடித்துவிடுவார். 'எ பாசேஜ் டு இந்தியா'வில் டாக்டர் அஸீஸாக வந்த விக்டர் பானர்ஜி அந்தப் பொறுப்பை ஏற்றார். விக்டோரியாவாக அர்ஜென்டினா நடிகை எலியோனோரா வெக்ஸ்லர். சுசித்ரா சென்னின் பேத்தி ரைமா சென்னும் உண்டு. 1924-ஐக் கறுப்பு வெள்ளையிலும், இன்றைய காலத்தில் சாந்திநிகேதனில் நடக்கும் கிளைக்கதையை வண்ணத்திலும் எடுத்தார்கள்.

சான் இசித்ரோவில் கவி உட்கார்ந்து பழகிய சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. அவர் 1925 ஜனவரியில் ஊர் திரும்பியபோது அதையும் கூடவே அனுப்ப வேண்டும் என்று விக்டோரியா பிடிவாதம் பிடித்தார். கப்பல் அறையின் கதவுக்குள் அது நுழையவில்லை. கதவையே கழற்றச் சொல்லி, நாற்காலியை உள்ளே வைத்தபிறகுதான் ஓய்ந்தார். கவி கடைசி வரை அதை உபயோகித்தார். 1941-ல், மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். நாற்காலி இன்றும் சாந்திநிகேதனில் இருக்கிறது. பார்க்க விரும்பும் பெஹாலாக்காரர் புவெனஸ் ஐரிஸ் வரை போக வேண்டாம். ஹவுராவில் காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போல்பூரில் இறங்கிவிடலாம்.