உடைந்த காலோடு 8 மாதம் போராடிய குதிரை!

2006-ம் ஆண்டு மே 20-ந் தேதி. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் குதிரைப் பந்தய மைதானத்தில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. எல்லோருடைய கண்ணும் ஒரே குதிரை மீதுதான்.

அதன் பெயர் பார்பரோ. வயது 3.

அதுவரை ஓடிய 6 பந்தயங்களிலும் அதற்குத்தான் முதல் இடம். இரண்டு வாரத்துக்கு முன்புதான் புகழ் பெற்ற கெண்டக்கி டெர்பி பந்தயத்தில் ஜெயித்திருந்தது.

பந்தயம் தொடங்கியது. குதிரைகள் பாய்ந்தன. சிறிது தூரம்கூடப் போகவில்லை. பார்பரோவின் வலது பின்னங்கால் தொங்கியது!

ஜாக்கி எட்கர் பிராடோ கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். கீழே குதித்தார். உடைந்த காலைக் குதிரை ஊன்றி விடாதபடி தம் உடம்பால் தாங்கிக்கொண்டார். கூட்டத்தில் பலர் அழுதுவிட்டார்கள்.

கொல்வது ஏன்?

"பந்தயக் குதிரைக்குக் கால் முறிந்தால் கொன்றுவிடுவார்கள்" என்று சொல்லக் கேட்டிருப்போம். இது கொடுமை அல்லவா என்றும் நினைத்திருப்போம். ஆனால் அதற்குக் காரணம் உண்டு.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலால் நடக்கும் பிராணி. அந்த விரலின் நகம்தான் குளம்பு. முழங்காலுக்குக் கீழே அதற்குச் சதை கிடையாது. எலும்பு, நார், தோல் இவ்வளவுதான். அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே முறிந்த எலும்பு எளிதில் கூடாது.

மனிதனுக்குக் கால் உடைந்தால் மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் படுத்துவிடலாம். குதிரை அப்படிப் படுத்தே கிடக்க முடியாது. அதன் எடை சுமார் 500 கிலோ. நாள் கணக்கில் படுத்தால் அந்த எடையே அதன் சதையையும் நுரையீரலையும் நசுக்கும்.

சரி, மூன்று காலில் நிற்கட்டுமே என்றால், அங்கேதான் பேராபத்து! உடைந்த காலின் பாரத்தை மறு கால் சுமக்கிறது. குளம்பையும் உள்ளே உள்ள எலும்பையும் ஒட்ட வைத்திருக்கும் மெல்லிய சதை அழன்று பிய்ந்துவிடுகிறது. இந்த நோய்க்கு லாமினைட்டிஸ் என்று பெயர். உடைந்த கால் பிழைத்தாலும், நல்ல கால் கெட்டுவிடும்.

தண்ணீரில் கண் விழித்தது!

பார்பரோவைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் ஆபரேஷன் செய்தார். குளம்புக்கு மேலே உள்ள எலும்பு மட்டும் 20 துண்டுகளுக்கு மேல் நொறுங்கிக் கிடந்தது. எஃகுத் தகடு வைத்து, 27 திருகாணிகளை முடுக்கி, எலும்புகளைச் சேர்த்தார்கள்.

மயக்கம் தெளிவதும் ஒரு கண்டம். பயந்தால் ஓடுவது குதிரையின் சுபாவம். விழித்ததும் காலை உதைக்கும்.

1975-ல் ரபியன் என்ற 3 வயதுப் பெண் குதிரைக்கு இதுதான் நேர்ந்தது. முன்னங்காலில் நடந்த ஆபரேஷன் முடிந்து விழித்ததும் உதைத்துப் புரண்டது. கட்டு சிதறியது. கால் மேலும் கெட்டது. வேறு வழியின்றி அதன் உயிரை முடித்தார்கள்.

பார்பரோவுக்கு அப்படி ஆகக் கூடாதே! ஆகவே அதைத் தூளி போன்ற பட்டையில் தூக்கி, ரப்பர் மிதவையில் வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். தண்ணீரில் எவ்வளவு உதைத்தாலும் காலில் அடிபடாது. நன்றாகத் தெளிந்த பிறகு லாயத்துக்குத் தூக்கிப்போனார்கள். சிறிது நேரத்தில் பார்பரோ தீனி தின்றது!

நாடெங்கும் இருந்து வாழ்த்துகள் வந்தன. குழந்தைகள் கடிதம் எழுதினார்கள். ஆப்பிளும் காரட்டும் வந்து குவிந்தன.

நல்ல கால் கெட்டது

ஜூலை மாதம் டாக்டர்கள் பயந்ததே நடந்தது. இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ்! குளம்பில் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அப்படியும் பார்பரோ தளரவில்லை. இலையுதிர் காலத்தில் வெளியே நடந்து புல் மேய்ந்தது.

ஆனால் 2007 ஜனவரியில் நோய் முன்னங்கால்களுக்கும் பரவிற்று. ஊன்ற ஒரு கால்கூட இல்லை. சொந்தக்காரர்களான ராய் ஜாக்சன் தம்பதி அதன் வலியைப் பார்த்தார்கள். இனியும் வைத்திருப்பது அன்பு ஆகாது என்று முடிவு செய்தார்கள். ஜனவரி 29-ந் தேதி, வலி தெரியாமல் பார்பரோவின் உயிர் பிரிந்தது.

பிழைத்த குதிரையும் உண்டு

எல்லாக் கதையும் சோகத்தில் முடிவதில்லை. இங்கிலாந்தின் மில் ரீப் என்ற டெர்பி வெற்றிக் குதிரைக்கு 1972-ல் பயிற்சியின்போது முன்னங்கால் முறிந்தது. தகடும் திருகாணியும் வைத்துக் கட்டினார்கள். அது குணமடைந்தது! பிறகு பந்தயம் ஓடவில்லை. ஆனால் 1986 வரை வாழ்ந்தது. அதன் குட்டி ஷெர்லி ஹைட்ஸ் 1978-ல் அதே டெர்பியில் ஜெயித்தது.

பச்சைக் குட்டிகளுக்கு இன்னும் நம்பிக்கை அதிகம். எடை குறைவு. எலும்பும் சீக்கிரம் கூடும்.

பார்பரோ இறந்தது. ஆனால் அதன் பெயரால் அந்த ஆஸ்பத்திரிக்கு நிதி சேர்ந்தது. லாமினைட்டிசை வெல்லும் ஆராய்ச்சிக்கும் பணம் வந்தது. நாளை ஏதோ ஒரு குட்டி நான்கு காலில் எழுந்து நின்றால், அதில் பார்பரோவுக்கும் பங்கு உண்டு!