ஆட்டுத் தலையும் ஆனை உடலும்

இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த திருவாடானையின் பெயருக்கு அவ்வூர் ஸ்தலபுராணம் ஒரு காரணம் கூறுகிறது. வருணனுடைய குமாரன் துர்வாஸ முனிவரிடம் அபசாரப்பட்டான். முனிவர் சபித்தார், ஆட்டுத் தலையும் ஆனை உடலும் அவனுக்கு வாய்த்தன. அங்கு எழுந்தருளியிருக்கும் ஆதிரத்தினேசுவரரை வழிபட்டு அவன் பழைய உருப்பெற்றான் என்பர்.

கதையை நம்புவோர் நம்புக. அதன் கருத்தை மட்டும் ஒருவரும் தள்ளுவதற்கில்லை. பலம் ஆனையளவு வளர்ந்து, விவேகம் ஆட்டின் அளவில் நின்றுவிடுவது மனித சுபாவத்தில் என்றும் உள்ள குறை. தனி மனிதனிடம் அது கோபமாகத் தோன்றும். கூட்டத்தில் புகுந்தாலோ, முன்னே செல்வது எங்கே செல்கிறதென்று கேளாமலே பின்செல்லும் மந்தையின் குணமாகிவிடும்.

இதே திருவாடானையில் 1942-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் நடந்ததைத் தேசம் மறக்கவில்லை. பம்பாயில் 8-ந் தேதி ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன்னரே தலைவர்கள் சிறைப்பட்டனர். இங்கே தேவகோட்டை இளைஞர் ஸ்ரீ சின்ன அண்ணாமலை கைதாகித் திருவாடானைச் சிறையில் வைக்கப்பட்டார். கிராமங்களிலிருந்து ஜனங்கள் திரண்டு வந்து சிறையை உடைத்து அவரை மீட்டனர். வழிகாட்டத் தலைவரில்லை, எதிரே ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கி. அந்நிலையில் வந்தவர்களைக் கோழைகள் என்று எவரும் கூறத் துணியார். அவர்களுடைய அன்புக்கும் தைரியத்துக்கும் நாம் தலைவணங்குகிறோம்.

ஆயினும், சத்தியாக்கிரகியின் தர்மம் வேறு. அவன் சிறையை வலிய ஏற்பவன், அதனின்று தப்புபவனல்லன். 1944-ம் வருஷம் விடுதலையான மஹாத்மா, தலைமறைவாயிருந்த தேசத் தொண்டர்களை வெளிப்படும்படி கூறியது இதுபற்றியே. கதவை உடைக்கும் கைக்கு ஒரு நாள் ஆவேசம் போதும். கதவுக்குள்ளே கலங்காதிருக்கும் உள்ளத்துக்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். முன்னதைக் கூட்டம் கொடுக்கும். பின்னதை ஒவ்வொருவனும் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

சின்ன அண்ணாமலை அந்த ஒரு நாளின் புகழோடு நின்றுவிடவில்லை. சென்னையில் ‘தமிழ்ப் பண்ணை’ என்னும் பதிப்பகத்தை நடத்தி, ராஜாஜி, நாமக்கல் கவிஞர் முதலியோரின் நூல்களை ஜனங்களிடம் சேர்த்தார். ஆரவாரமில்லாத வேலைதான், ஆனால் உடலுக்கேற்ற தலையைத் தேசத்துக்கு வளர்த்துக் கொடுப்பது அவ்வகை வேலையே என்போம்.

சுயராஜ்யம் 1947-ம் வருஷம் வந்தது. அன்று அன்னிய சர்க்காரின் மீது பாய்ந்த ஆவேசம், இன்று ஜாதியின் பெயராலும் கட்சியின் பெயராலும் நம்மவர்மீதே பாய்கிறது. ஒரு வதந்தி ஊரை எட்ட அன்று நாட்கள் சென்றன. இன்று ஒரு கணம் போதும். பலம் பெருகிற்று, விவேகம் பெருகிற்றா?

தேச ஊழியர்களுக்கு நாம் ஒரு சோதனையைக் கூறுவோம். கூட்டத்தோடு ஒரு காரியத்தில் இறங்குமுன், ‘இதைத் தனியே நின்று, என் பெயரைச் சொல்லி, வரும் தண்டனையையும் ஏற்றுச் செய்வேனா?’ என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்க. ஆம் என்றால் அஞ்சாது செல்க. இல்லையென்றால், அக்கணத்தில் பின்வாங்குவது கோழைத்தனமன்று. அதுவே ஞானத்தின் முதற்படி.