இரும்புபோல் ஒரு ரப்பர் கைக்கவசம்

கதை, சினிமாப் பாத்திரங்களைப்போல் வேடமணிந்து கூடுவதற்குக் ‘காஸ்ப்ளே’ என்று பெயர். ஜப்பானில் 1980களில் பிறந்த சொல். 2024 பிப்ரவரியில் சென்னையிலும் இத்தகையோர் கூடும் ‘காமிக் கான்’ விழா நடந்தது. இவர்கள் அணியும் போர்வீரர் கைக்கவசத்துக்கு வேண்டிய சரக்கு மூன்றே: களிமண், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ரப்பர் பால். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் வடிக்கும் அதே ரப்பர் பால்தான்.

முதலில் களிமண்ணில் கவசத்தை வடிக்கிறார்கள். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி இரு பாதியாக அச்சு எடுக்கிறார்கள். காய்ந்த அச்சில் ரப்பர் பாலை நிரப்பினால், பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, உட்புறம் ரப்பர் தோலாகப் படியும். போதிய கனம் ஏறியதும் மிச்சப் பாலை வடித்து, உலரவிட்டு, பவுடர் தூவி உரிக்கிறார்கள். வெள்ளி வண்ணம் பூசினால் இரும்பேதான்!

இச்சரக்கை விற்கும் வணிகர்கள் கவனிக்க: ஈரம் ஏறிய பிளாஸ்டர் சரியாக இறுகாது, வாங்கியவரின் பல நாள் உழைப்பு வீணாகும். மூட்டைகளைப் பலகைமேல் அடுக்குங்கள். முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். ரப்பர் பால் கெடாதிருக்க அம்மோனியா சேர்த்திருப்பார்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெயில் ஆகாது, செம்புப் பாத்திரம் கூடவே கூடாது. சிலருக்கு ரப்பர் பால் ஒவ்வாமை தரும். அதையும் சொல்லியே விற்போம், வாடிக்கை நிலைக்கும்.