அடித்த சொற்களில் பிறந்த விலங்குகள்

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் இரு கரங்களுடனும் வலம்புரித் துதிக்கையுடனும் வீற்றிருக்கும் கற்பக விநாயகர் முன், மனித உடலுக்கு யானை முகம் பொருந்துமா என்று எவரும் கேட்பதில்லை. அதே நாம், குழந்தை ஐந்து கால் மாடு வரைந்தால் ரப்பரைத் தேடுகிறோம்.

அழித்ததிலிருந்தே ஓவியரானவர் ரவீந்திரநாத் தாகூர். ஓவியப் பள்ளியில் பயிலாதவர். 1924-இல் ஆர்ஜென்டீனாவில் 'பூரபி' கவிதைகளை எழுதியபோது, அடித்துவிட்ட சொற்களைக் கோடுகளால் இணைத்துக்கொண்டே போனார். அவற்றுக்கு அலகும் பல்லும் முளைத்து, எந்தக் காட்டிலும் இல்லாத விலங்குகளாயின. இத்தனைக்கும், அவரது சாந்திநிகேதனில் 1919 முதலே கலா பவனம் இயங்கிவந்தது. நந்தலால் போஸ் என்னும் பேராசான் அருகிலேயே இருந்தார். தாகூரோ தம் போக்கில், விரலாலும் துணியாலும் மையைத் தேய்த்து வரைந்தார். அந்தப் பிடிவாதம் நமக்கு வாய்த்த நற்பேறு என்பேன்.

விக்டோரியா ஒகாம்போவின் முயற்சியால் 1930 மே மாதம் பாரீஸில் முதல் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 69. மொத்தம் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே இல்லை. 'இது என்ன விலங்கு?' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

நம் பள்ளிகளில் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ஆகவே, மலையே காணாத ஊர்ப் பிள்ளைகளும் இரு மலைகளுக்கு நடுவே சூரியனை வரைந்து, முழு மதிப்பெண் பெறுகிறார்கள்.