கையிருப்பு இன்மையின் விலை

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் பணிபுரியும் தமிழர்களில் பலர், வாடகை குறைவு என்ற காரணத்தால் கல்யாணில் குடியிருக்கின்றனர். கல்யாணிலிருந்து மாட்டுங்காவுக்கு நேரே மின்ரயில் உண்டு. செம்பூர் செல்வோர் குர்லாவில் இறங்கி ஹார்பர் வழித்தட வண்டிக்கு மாற வேண்டும். வாடகையில் மிச்சமாகும் தொகையைச் சொல்பவர்கள், ரயில் கட்டணம், ஷேர் ஆட்டோ, வழியில் உண்ணும் சிற்றுண்டி ஆகியவற்றை அதிலிருந்து கழிப்பதில்லை. நாளொன்றுக்குப் பயணம் மூன்று மணி நேரம் எனில், 25 வேலை நாள்களில் 75 மணி நேரம் செலவாகிறது. இவற்றையும் சேர்த்தால்தான் உண்மையான வாடகை தெரியும்.

இவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். மொத்தமாகக் கொடுக்கக் கையில் பணம் இல்லாததால் நேரும் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ரயில் சீசன் டிக்கெட்டே இதற்குத் தக்க சான்று.

மூன்று மாதச் சீசன் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம், மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்கு, ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, ஓராண்டுக்கு 10.8 மடங்கு. மூன்றிலும் தள்ளுபடி ஒன்றே: பத்து விழுக்காடு. எனவே ஓராண்டுத் தொகையைத் திரட்ட இயலாதவரும் மூன்று மாத டிக்கெட்டிலேயே முழுத் தள்ளுபடியையும் பெறலாம்.

எளிமைக்காக மாதக் கட்டணம் 300 ரூபாய் எனக் கொள்வோம். மாதந்தோறும் வாங்கினால் மூன்று மாதங்களுக்கு 900 ரூபாய். ஒரே தவணையில் 810 ரூபாய். முதல் மாதத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது 510 ரூபாய் மட்டுமே. நாள்தோறும் 17 ரூபாய் வீதம் 30 நாள்கள் எடுத்து வைத்தால் அத்தொகை சேர்ந்துவிடும். அந்த 510 ரூபாய், அடுத்த இரு மாதங்களில் 600 ரூபாய்ச் செலவைத் தவிர்க்கிறது. எந்த வைப்புத் தொகையும் இவ்வளவு ஈட்டித் தராது. அந்த இரு மாதங்களின் 600 ரூபாயையும் நான்காம் மாதத்தின் 300 ரூபாயையும் சேர்த்தால், அடுத்த டிக்கெட்டுக்கான 810 ரூபாய் போக 90 ரூபாய் மீதியாகும். ஆகவே, கூடுதல் தொகையை ஒருமுறை திரட்டினால் போதும்.

ஓர் எச்சரிக்கை: இடையில் ஒரு மாதம் ஊருக்குச் செல்பவர்களுக்கு மாத டிக்கெட்டே இலாபம். இரு மாதங்களுக்கு 600 ரூபாய்தானே!

மளிகையிலும் இதே நோக்கு வேண்டும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதில்லை. ஷாம்பு போன்ற சிலவற்றில் சிறு பொட்டலமே மலிவாக இருப்பதுண்டு. உறையில் அச்சிடப்பட்டுள்ள கிராம் அல்லது மில்லிலிட்டர் விலையை ஒப்பிட்டு வாங்குக.

கையிருப்பு இல்லாதபோது நாள் வட்டிக்காரரை நாட நேர்கிறது. 900 ரூபாய் பெற்று, நாளுக்கு 100 ரூபாயாகப் பத்து நாள் செலுத்துவோர், அசல் நாள்தோறும் குறைந்துவரும்போதே 100 ரூபாய் வட்டி கொடுக்கின்றனர். இவ்வட்டியைத் தவிர்ப்பதே சிறு சேமிப்பின் முதல் ஆதாயம்.

அச்சேமிப்பை வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனியே வைப்பது நலம். அடிப்படைச் சேமிப்புக் கணக்கிற்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குகளுக்கு அன்றாட இருப்பின் அடிப்படையிலேயே வட்டி கணக்கிடப்படுகிறது. எனவே மாதத்தின் எந்த நாளில் செலுத்தினாலும் அன்று முதலே வட்டி உண்டு. சம்பளம் வந்த அன்றே முதல் தொகையை ஒதுக்கிவிடுங்கள். மாத இறுதியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றிருந்தால் மிஞ்சுவது அரிது.